பாஸ்வேர்டு தராத ஹினெக்

“அந்த பாஸ்வேர்டை மட்டும் கேக்காதீங்க மேடம். வேற எது வேணும்னாலும் கேளுங்க.”

மூன்றாவது முறையாகக் கையை விரித்தான் ஹினெக்.

ப்ளாங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செக் நாட்டின் ப்ர்னோ நகரத்து நீர்வள ஆய்வு நிலையத்தில் அவள் ஒப்பந்த ஊழியை. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. ஆற்று வெள்ளத்தை முன்கூட்டியே கணக்கிடும் மென்பொருளை, எல்லோரும் ஓட்டும்படி பொது சர்வரில் ஏற்றிக் காட்ட வேண்டும். மதிப்பீட்டுக் குழு பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வேலை நீடிக்கும்.

அட்மின் பாஸ்வேர்டு இருந்தால் அது அரைநாள் சமாசாரம். இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டையும் சொந்தக் கணக்கிலேயே கட்டி அடுக்க வேண்டும். மூன்று வாரம் முதுகு ஒடியும். பாஸ்வேர்டு இருப்பதோ இரண்டே பேரிடம். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஹினெக், அப்புறம் துறைத் தலைவர்.

“என்ன ராங்கி பாரு! என்னைவிட ஏழு வயசு சின்னவன்” என்று கேன்டீனில் பொரிந்தாள்.

“செத்தா பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான் புதைக்கணும்” என்றான் பக்கத்து மேஜை லியோஷ், வாய் நிறைய மாவுருண்டையோடு.

தலைவரிடம் போனாள். “ஹினெக்கே அட்மினாப் போய் ஏத்தித் தரட்டுமே” என்றார் அவர் தாராளமாக.

ஹினெக் அதற்கும் மசியவில்லை. “நேரமில்ல மேடம்.”

அன்று மதியம் அவன் ஆபீஸுக்குள் போடும் கம்பளிச் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்ததை லியோஷ் கண்ணால் பார்த்தான்.

வேறு வழியில்லாமல் ப்ளாங்கா தானே உட்கார்ந்தாள். மூன்று வாரம். நாலாயிரத்து இருநூறு ஃபைல்கள். குழு வருவதற்கு முந்தின நாள் முடித்தாள்.

“உன் புரோகிராம் என்னை வாசல்லயே நிறுத்திடுச்சு” என்று வந்தான் லியோஷ். “‘அனுமதி இல்லை’ங்குது. என்ன, ஹினெக் காத்து அடிச்சிடுச்சா?”

ப்ளாங்கா தலையில் கை வைத்தாள். புதிதாகப் பிறக்கும் எந்த ஃபைலையும் தன்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று எப்போதோ தன் கணக்கில் அமைத்து வைத்திருந்தாள். அத்தனைக்கும் பூட்டு.

ஹினெக்கிடம் ஓடினாள். “நீங்க அட்மினாப் போனா ஒரு தட்டுல சரியாயிடும். இதையாவது செய்யக் கூடாதா?”

“நான் தொட மாட்டேன். படிக்க, ஓட்ட எல்லாருக்கும் அனுமதி. மாத்த உங்களுக்கு மட்டும். நீங்களே கொடுங்க.”

கையைக் கட்டிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை பின்னாலேயே நின்றான். உதவிக்கு ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொரு அனுமதியாகத் திறந்துவிட்டாள்.

மறுநாள் குழுவின் முன் துறைத் தலைவர் எழுந்தார்.

“வெள்ள மென்பொருள் முழுக்க என் உழைப்பு. அட்மின் கணக்குலேர்ந்து நானே ஏத்தினேன். இவங்க கூடமாட இருந்தாங்க.”



குழுத் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “ஃபைல் பட்டியலைத் திரையில காட்டுங்க.”

எந்தக் கணக்கில் ஃபைல் பிறக்கிறதோ, அந்தப் பெயர்தான் உரிமையாளர் பத்தியில் நிற்கும். நாலாயிரத்து இருநூறு வரிகள். ஒவ்வொன்றிலும் ப்ளாங்கா.

தலைவர் தண்ணீர் குடித்தார். ப்ளாங்காவுக்கு இரண்டு வருட நீட்டிப்பு கிடைத்தது.

அடுத்த வாரம் அவளுடைய பெயர் நாள்; அந்த ஊர்க் காலண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு, பிறந்தநாள் மாதிரிக் கொண்டாடுவார்கள். வழக்கப்படி, முட்டையும் வெள்ளரி ஊறுகாயும் வைத்த ரொட்டித் துண்டுகளோடு அறை அறையாகப் போனாள். கடைசியாக ஹினெக்.

“எடுத்துக்குங்க. ஆனாலும் ஒரு பாஸ்வேர்டு தர உங்களுக்கு மனசு வரலியே!”

ஹினெக் தன் திரையை அவள் பக்கம் திருப்பினான். பதிமூன்று பழைய மென்பொருள்கள். உரிமையாளர் பத்தி நெடுக ஒரே பெயர்: அட்மின்.

“இது தலைவர் செஞ்ச பதிமூணுதானே? வராந்தால பாராட்டுப் பத்திரம்கூட மாட்டியிருக்கே.”

ஹினெக் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டான்.

“செஞ்சது நான் மேடம். பதினோரு வருஷம். எல்லாத்தையும் அட்மினாப் போய்த்தான் ஏத்தினேன்.”