காயாத கிரீம்

பிதுக்கிப் பிதுக்கிக் கழுத்துவரை சுருண்டுபோன டியூபை மருந்துக் கடைப் பெண்ணிடம் நீட்டினேன்.

"இதே கிரீம் ஒண்ணு குடும்மா."

என் மனைவிக்கு. காலையில் குளியலறை அலமாரியில் பார்த்தேன். கேட்டால் வாங்கித் தரமாட்டேனா? எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவள்.

பருவுக்குப் போடுகிற கிரீம். பருவைப் போக்குகிறதோ இல்லையோ, பட்ட துணியின் சாயத்தைப் போக்கிவிடும். அவள் அதைப் போட ஆரம்பித்த புதிதில் என் கருநீலச் சட்டைத் தோளில் கன்னத்தை வைத்தாள். மறுநாள் அந்த இடம் ஆரஞ்சுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து வீட்டில் தலையணை உறை, துண்டு, போர்வை எல்லாம் வெள்ளை. நானும் வெள்ளைச் சட்டைக்கு மாறினேன். வெள்ளையை இன்னும் எவ்வளவுதான் வெளுக்க முடியும்? தேர்தலில் நிற்கப் போகிறாயா என்று அலுவலகத்தில் கலாய்த்தார்கள்.

கலாய்க்கட்டும். அவள் பயமில்லாமல் என் தோளில் சாய வேண்டும், அவ்வளவுதான்.

சாயவில்லை. "தள்ளிப் படுங்க, கிரீம் இன்னும் காயல" என்பாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இரண்டு வருடமாக இதே கதை. பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாகப் படுத்திருக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் அவள் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. நல்ல கிரீம்தான் என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

கடைப் பெண் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்காவுக்கா சார்? அவங்க இதை நிறுத்தி ஒரு வருஷமாச்சே! பரு போயிடுச்சு, டாக்டரே போதும்னுட்டார்னு சந்தோஷமா சொன்னாங்களே."

நேற்று ராத்திரிகூடக் கிரீம் காயவில்லை என்றாள் என் மனைவி.

பின்னால் இருமல் மருந்துக்கு வந்தவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டினார்.

வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதைத் தாங்க என்னால் ஆகாது. கேட்காமல் விட்டாலும், இந்தக் காலி டியூபை வைத்துக்கொண்டு அவள்தான் இன்னும் எத்தனை நாள் சமாளிப்பாள், பாவம்.

"அப்ப வேண்டாமா சார்?"

"இல்லம்மா, குடு" என்றேன். "பெரிய டியூபா இருந்தா அதையே குடு."