எண்ணெய்த் தட்டில் சூரியன்

கடலுக்குப் போகும் வழியெல்லாம், சூரியனின் உயரத்தை அளந்து, நாங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகினார் என் கணவர். அதுவும் இருபுறமும் கரை தெரிகிற கால்வாயில்! நண்பகலானால் பாய்மரப் படகை நிறுத்தச் சொல்வார். என் சமையல் எண்ணெயைத் தட்டில் ஊற்றி, அதில் தெரியும் சூரியனைக் கருவியால் அளப்பார்.

"நம்ம கால்வாயை விட்டுப் பன்னிரண்டு மைல் வடக்கே இருக்கோம்னு காட்டுதே!" என்று தலையைச் சொறிந்தார்.

"நேத்து அஞ்சு மைல், இன்னிக்குப் பன்னிரண்டா? நாளுக்கு நாள் தேறுறீங்க! போதும், மூட்டை கட்டுங்க."

கணக்குத் தாள்களைக் கிழித்துத் தண்ணீரில் வீசினார்.

அடுத்த மதகில் படகு போகக் கதவைத் திறந்தவரிடம், "கடலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்றேன்.

"கடலுக்கா? அது தெற்குக் கால்வாயாச்சே! இங்கேருந்து பன்னிரண்டு மைல் தள்ளிப் போகுது."

முந்தாநாள் கால்வாய் இரண்டாகப் பிரிந்தபோது என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். சுக்கான் என் கையில்தான் இருந்தது.