ரேஷனுக்குச் சொன்ன பொய்

“பொய் சொன்னேன் சார். ரேஷன் மாவுக்காகப் பொய் சொன்னேன்.”

கெடி இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னார். எதிரே கணினியுடன் பதிவு அதிகாரி முசியோகா. அவருக்கு ஒரு பக்கம் வட்டாரத் தலைவர் நூர், மறுபக்கம் ஒரு போலீஸ்காரர். கரிசா ஊரில் கென்ய அடையாள அட்டை கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் குழு அது.

கெடியின் மனைவி ஹபிபோ சுவரோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் இஃப்ரா. பத்தொன்பது வயது. அட்டை கேட்டு விண்ணப்பித்திருப்பது அவள்தான்.

“இந்தப் பொண்ணு விரலை வச்சா அகதின்னு காட்டுது பெரியவரே” என்றார் முசியோகா. “பதினாறு வருசத்துக்கு முன்னாடி, மூணு வயசுல, தாதாப் முகாம்ல பதிஞ்சிருக்கு. சோமாலியாவுல பொறந்தவ, எல்லை தாண்டி வந்தவன்னு எழுதியிருக்கு. அகதிக்கு முகாம்தான். குடிமக்கள் அட்டை கிடையாது. சட்டம் அதுதான்.”

“அது வறட்சி வருசம் சார். வீட்ல ஒரு மாடு மிச்சமில்ல. முகாம்ல பேரு கொடுத்தா மாவும் எண்ணெயும் தர்றாங்கன்னு ஊரே போச்சு. நானும் இவளைத் தூக்கிட்டுப் போய் வரிசையில நின்னேன்.”

போலீஸ்காரர் சிரித்தார். “மாவு கிடைக்கும்னா அகதி, அட்டை கிடைக்கும்னா குடிமகன். நல்லாருக்குய்யா உங்க நியாயம்!”

கெடி தலையைக் குனிந்துகொண்டார்.

முசியோகா மறுபடி திரையைப் பார்த்தார். “உங்களுக்கு நாலு பிள்ளைங்க. மத்த மூணு பேரை ஏன் பதியல?”

கெடி இஃப்ராவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “இவதான் ரொம்ப நோஞ்சானா இருந்தா சார்.”

“தாய் பேரு மாணோன்னு இருக்கு. உங்க சம்சாரம் பேரு ஹபிபோதானே?”

“அது... அன்னிக்கு வாய்க்கு வந்த பேரு சார்.”

ஹபிபோ முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் நூர் செருமினார். “இவரைச் சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். இவங்க தாத்தா வெட்டின கிணத்துலதான் எங்க ஒட்டகமெல்லாம் தண்ணி குடிச்சது. இந்த மண்ணோட ஆளு. அதுல சந்தேகமே வேண்டாம்.”

“ஆளு சரி, செஞ்சது குற்றம்” என்றார் முசியோகா. “பொய்த் தகவல் கொடுத்து அகதியாப் பதிஞ்சா ஜெயில். தெரியுமா?”

“தெரியும் சார். என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க. இவளுக்கு மட்டும் அட்டையைக் கொடுத்துடுங்க. நர்ஸ் படிப்புக்கு நைரோபியில இடம் கிடைச்சிருக்கு. ரெண்டு தடவை பஸ் ஏறினா. ரெண்டு தடவையும் ஆத்துப் பாலத்துப் போலீஸ் சாவடியில அட்டை இல்லேன்னு இறக்கி விட்டுட்டாங்க.”

குர்ஆனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

“இவ நீங்க பெத்த பொண்ணு, இந்த ஊர்ல பொறந்தவ. கை வச்சுச் சொல்லுங்க” என்றார் முசியோகா.

கெடி கையை வைத்தார். சொன்னார்.

குழுவினர் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முசியோகா ஒரு தாளை எடுத்து நீட்டினார். அகதிப் பட்டியலிலிருந்து இஃப்ராவின் பதிவை அடியோடு நீக்கச் சொல்லும் விண்ணப்பம் அது.

“வழக்கு வேண்டாம், வயசானவர். இதுல ரேகை வச்சுட்டுப் போங்க. பேரு நீங்கினதும் அட்டை வந்துடும்.”

கெடி கட்டைவிரலை மையில் தோய்த்தார். தாளின் மேலேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு அழுத்தினார்.

வெளியே வேப்பமர நிழலுக்கு வந்ததும் இஃப்ரா வெடித்தாள்.

“ஒரு மூட்டை மாவுக்கு என் நாட்டையே வித்துட்டீங்களேப்பா! ஒரு வருசம் வீணாப் போச்சு. பாலத்துல போலீஸ்காரன் பஸ்ஸே பார்க்க ‘ஏய் அகதி, இறங்கு’ங்கறான். என்னைப் பார்த்தா அகதி மாதிரியா இருக்கு?”

“தப்புதான் மகளே.”

“பெத்த பிள்ளையை அகதின்னு சொல்ல எப்படிப்பா மனசு வந்துச்சு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டைக்குப் போட்டோ எடுக்க எதிர்க்கடைக்குப் போனாள்.

அவள் தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஹபிபோ மெல்லக் கேட்டாள். “இப்படி ஏசிட்டுப் போறாளே. சொல்லிடலாமா?”

“வேண்டாம். தெரிஞ்சா நாளைக்கு அவளும் பொய்ச் சத்தியம் பண்ணணும். என்னைத் திட்டினாத் திட்டட்டும்.”

“அப்புறம் எதுக்கு அழறீங்க? அதான் அட்டை வரப் போகுதே.”

கெடி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அவளைப் பெத்த மாணோவோட பேரு இந்த உலகத்துல அந்த ஒரு பதிவுலதான் இருந்துச்சு. அதை அழிக்கச் சொல்லி ரேகை வச்சுட்டு வந்துட்டேனே, ஹபிபோ.”