குறுக்கே வைத்த கூடை

"ஏம்மா, இந்தக் கூடைய உள்ள இழுத்துக்கக் கூடாதா? நேத்துதான் புள்ளைக்கு ஊசி போட்டுக்கினு வந்தோம். ராத்திரியெல்லாம் தூங்கல, இப்பதான் கண்ண மூடிக்கினு கீறான். வண்டி இடிச்சா முழிச்சிக்குவான்."

குழந்தையின் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அந்த இளம்பெண் இவ்வாறு முறையிட்டாள். கத்திரிக்காய்க் கூடைக்குப் பின்னால் அமர்ந்திருந்த சுலோச்சனா அசைந்து கொடுக்கவில்லை.

"ஊசி போட்ட புள்ளைய எவளாவது எதிர்க்காத்துல இட்டுக்கினு வருவாளா? வண்டி மட்டும் சீமை வண்டி. தலையில ஒரு குல்லாவாவது கீதா, பாரு."

பக்கத்தில் பிளாஸ்டிக் வாளிகளைப் பரப்பியிருந்த ஏசுதாஸ் பெருமூச்செறிந்தான். உத்திரமேரூர் பஜார் தெருவின் அந்த நடைபாதையில் அவன் பங்குனி மாதத்தில்தான் கடை போட்டான். அன்று முதல் இந்த வழக்கு நடைபெறாத மாலை ஒன்றையும் அவன் கண்டதில்லை. வண்டிக்காரி, பையனுக்குப் பல் முளைக்கிறது, குலுக்கினால் அழுவான் என்பாள். கூடைக்காரி, பல் முளைக்கும் பிள்ளையை வெயிலில் இழுத்து வருவது என்ன வளர்ப்பு என்பாள். இறுதியில் திட்டிக்கொண்டே எழுந்து, பெயர்ந்து கிடக்கும் கல்லின் மேல் வண்டியின் முன்சக்கரங்களைத் தானே தூக்கி விடுவாள்.

தன் மகள் ஷாரோன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் இத்தகைய பேஜார் ஏதுமில்லை என்பதை ஏசுதாஸ் அடிக்கடி எண்ணிப் பார்ப்பான். அக்காலத்துக் குழந்தைகள் தாயின் இடுப்பிலும் தந்தையின் தோளிலும் அமர்ந்தே கடைத்தெரு பார்த்தன. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் நடக்கையில், அவள் அவனுடைய முடியைக் கடிவாளமாகப் பற்றிக்கொண்டு, கடைகளில் தொங்கும் வாழைத்தார்களைத் தொட்டுக்கொண்டே வருவாள். பொரிகடைக்காரர் ஒரு பிடி பொரியை மேல்நோக்கி நீட்டுவார். அதில் பாதி அவன் தலையிலேயே உதிரும். இப்போது ஷாரோன் சென்னையில் வேலைக்குப் போகிறாள். மாலை வெயில் சாயும் வேளையில் அவன் கை, அவனை அறியாமல், இல்லாத பொரியைத் தலையிலிருந்து தட்டிவிடும்.

பழைய நினைவில் திளைத்தாலும், அன்று அவனுக்குக் கவலை ஒன்று இருந்தது. காலையில் வந்த பேரூராட்சி அதிகாரி, வழியை மறிப்பதாக இன்னும் ஒரு புகார் வந்தால் கூடைகளை லாரியில் ஏற்றிவிடுவதாகச் சொல்லிச் சென்றிருந்தார். மாகறலிலிருந்து பேருந்தில் காய் கொண்டு வந்து பிழைக்கும் சுலோச்சனாவுக்கு இந்த இடம் போனால் வேறு கதி இல்லை.

கூடையை ஓரங்கட்டுமாறு அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கைத்தடி ஊன்றி வரும் கிழவருக்கெல்லாம் கேளாமலே ஒதுங்குகிற சுலோச்சனா, இந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. வண்டி வரும் நேரம் பார்த்து, இருப்பதிலேயே பெரிய கூடையை வேண்டுமென்றே முன்னால் இழுத்து வைப்பதையும் அவன் கவனித்திருந்தான்.

"அது என் பாடு, தம்பி. நீ வாளிய வித்துக்கினு இரு" என்று அவள் அவன் வாயை அடைத்துவிட்டாள்.

ஆகவே மறுநாள் மாலை, ஏசுதாஸ் அவளிடம் சொல்லாமல் தெருமுனைக்குச் சென்று காத்திருந்தான். வண்டி வந்ததும், எதிர்ப்புறம் கோயில் மதிலை ஒட்டிய நடைபாதை புதிதாகப் போடப்பட்டு அகலமாக இருப்பதை எடுத்துக்கூறி, இனி அவ்வழியே போகுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டான்.

அப்பெண் அவனை உற்றுப் பார்த்தாள்.

"அவங்களே சொல்லச் சொன்னாங்களா?"

காரியம் கைகூட வேண்டுமே என்று ஏசுதாஸ் ஒரு சிறிய பொய்யைச் சேர்த்தான்.

"ஆமாம்மா. அவங்கதான் சொன்னாங்க."

அவள் முகம் சிவந்தது. கோபம் என்று அவன் எண்ணிக்கொண்டான். அவள் வண்டியைத் திருப்பிச் சாலையைக் கடந்தாள்.

நிம்மதியுடன் அவன் கடைக்குத் திரும்பியபோது, பெரிய கூடை வழக்கம்போல் குறுக்கே இருந்தது. சுலோச்சனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரிக்காய் கேட்டவருக்கு வெள்ளரிப்பிஞ்சை நிறுத்துக் கொடுத்தாள். கடைகளில் விளக்கு ஏற்றும் நேரமும் வந்தது.

"வண்டி இன்னும் காணமே, தம்பி."

"இனிமே வராது, யக்கா. உனக்குத் தொல்ல வேணான்னு நான்தான் எதிர்ப்பக்கம் போகச் சொன்னேன். நீயே சொன்னதா சொல்லிட்டேன்."

அவன் சுட்டிய திசையில், கடந்து சென்ற பேருந்துக்கு அப்பால், மதிலோரமாக அந்த வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. தள்ளியவள் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

சுலோச்சனா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கூடையின் அடியில் கைவிட்டு, விலைச்சீட்டு கூடக் கிழிக்கப்படாத சிறிய மஞ்சள் குல்லா ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"ஓடிப் போயி இத்தக் குடு. கூடை இன்னும் குறுக்கதான் கீதுன்னு சொல்லு. அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், எங்க வாசப்படிய அவள மிதிக்க வுட மாட்டேன்னு எங்க வூட்டுக்காரரு கற்பூரம் அணைச்சி சத்தியம் வாங்கிக்கினாரு, தம்பி. ரோட்டுல நின்னு பெத்த பொண்ணுகிட்ட சண்ட போடக் கூடாதுன்னு வாங்கல."