கிளிக்குச் சொன்னது

நான்காவது நாள் புலி உறுமியது. ஒரு கிளிகூட எழும்பவில்லை.

சூரியகாந்திக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க் குடும்பம்தான் எழும்பியது. ஒற்றைச் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு வேன் வரைக்கும் ஓடியது.

உச்சிமாகாளி காவல் பரணில் இருந்தபடியே பெட்டியை நிறுத்தினான்.

உள்ளங்கை அளவு பாட்டுப் பெட்டி. தென்காசியில் சேக் தாவூது கடையில் வாங்கியது. நடக்கும்போது கேட்கவா, பஸ்ஸில் கேட்கவா என்று கடையில் விசாரித்தபோது, கிளி கேட்க என்று சொல்லியிருந்தான்.

மெமரி கார்டு போடலாம். குரலைப் பதியலாம். ஒன்றையே திரும்பத் திரும்ப ஓடவிடலாம். எவர்சில்வர் குடத்துக்குள் வைத்துச் சாய்த்தால் நாலு வயல் தாண்டிக் கேட்கும்.

சாரலில் நனைந்தும் கெடவில்லை. சேற்றுக் கையால் அமுக்கினாலும் பொத்தான் வேலை செய்தது. காலையில் முழு சார்ஜோடு கொண்டுவந்தால் பொழுது அடைகிற வரைக்கும் நிற்கவில்லை. பெட்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கிளிகள்தான் அதை மதிக்கவில்லை.

முதல் நாள் குத்துப்பாட்டு. தலையை ஆட்டிக்கொண்டே தின்றன. இரண்டாம் நாள் வெடிச்சத்தம். மத்தியானத்துக்குள் பழகிவிட்டன. மூன்றாம் நாள் நையாண்டி மேளம். எந்தக் கோயிலில் கொடைவிழா என்று இரண்டு பேர் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வரப்போரத்துப் பூக்களில் இப்போதே பாதி விதை இல்லை. இப்படியே போனால் அறுக்கும்போது வெறும் காம்புதான் மிஞ்சும்.

இதுவரை இப்படி ஒரு பெட்டிக்குத் தேவையே இருந்ததில்லை. மனைவி வேல்விழி வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். மொத்தக் கூட்டமும் எழும்பிப் பண்பொழி மலைப் பக்கம் போய்விடும். பதினொரு வருஷமாக அப்படித்தான். வீட்டில் அவள் குரல் அடுப்படியைத் தாண்டி வந்ததில்லை. வயலில் மட்டும் அப்படி ஒரு தொண்டை.

இந்த வருஷம் அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. இனி தினமும் கத்தினால் குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உச்சிமாகாளி ஒரு நாள் தானே கத்திப் பார்த்தான். கிளிகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புலியும் தோற்றதும் கடைக்குப் போன் போட்டான். சேக் தாவூது விழுந்து விழுந்து சிரித்தான்.

“கிளி எங்கன அண்ணாச்சி புலியப் பாத்திருக்கப் போவுது? அதுக்குத் தெரிஞ்ச சத்தமாப் போடுங்க.”

தெரிந்த சத்தம் ஒன்றுதான் இருந்தது.

ஒரே ஒரு தடவை கத்திப் பதிந்து கொடுத்துவிடு, பிறகு நீ வாயே திறக்க வேண்டாம் என்று வேல்விழியிடம் சொன்னான். எதற்கும் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறவள், உடனே தலையாட்டினாள்.

ஆள் பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்று பம்புசெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நிமிஷ வேலை என்று நினைத்தான். டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தும் கதவு திறக்கவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து வந்தவள் ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தாள். நல்ல காய்ச்சல் விட்ட மாதிரி முகம் தெளிந்திருந்தது.

ஐந்தாவது நாள் காலை. தூக்குவாளியில் அவள் கொடுத்துவிட்டதைத் தின்றுவிட்டு, வாளியைத் தள்ளி வைத்து, உச்சிமாகாளி பெட்டியை அமுக்கினான்.

“ஏலே! விடிஞ்சும் விடியாம வந்து ஒக்காந்துட்டியா? பாடுபடுதவ ஒருத்தி, திங்கது நீயா?”

பச்சைத் துண்டை உதறினாற்போல மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழும்பியது. ஒரு கிளி மிச்சமில்லை.

பெட்டி தேறிவிட்டது என்று சேக் தாவூதுக்குச் சொல்லிவிட்டு, பரணில் சாய்ந்து காலை நீட்டினான். குடம் பேசிக்கொண்டே இருந்தது.

“தின்னதும் சாஞ்சுக்கிடுத. ஒருநாளாவது தின்ன தட்டக் கழுவிக் கமுத்திருக்கியாலே?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கிளிக்கு ஏது தட்டு?

“அக்கா மக கல்யாணத்துக்கு வாசுதேவநல்லூருக்கு ஒருநாள் போயிட்டு வாறேம்னு கேட்டா, பதில் சொல்லாம செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுத. நான் ஒன்கிட்ட கேட்டனா, செவுத்துக்கிட்ட கேட்டனா?”

சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பாலம்மாள் நிமிர்ந்தாள். அவளோடு இருந்த நாலு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

குடத்துக்குள் கைவிட்டுப் பெட்டியை அமுக்கினான். வயல் அமைதியானது.

மலைப் பக்கம் போன கூட்டம் பாதி வழியிலேயே திரும்பியது. முதலில் ஒன்று இறங்கியது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. பூக்கள் பாரத்தில் சாய்ந்தன.

கிளிகளைப் பார்த்தான். பாலம்மாளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். சார்ஜ் ஒரு கோடுகூடக் குறையவில்லை.

அறுவடைக்கு இன்னும் ஒன்பது நாள்.

மறுபடியும் அமுக்கினான். கிளிகள் எழும்பின.

“ஏல உச்சி, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி. இங்கன சரியாக் கேக்கல” என்றாள் பாலம்மாள்.

அவன் பரணை விட்டு இறங்கினான். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாய்க்காலை நோக்கி நடந்தான்.

பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து குடம் அதட்டியது.

“வெறுந்தண்ணில அலசிட்டு வந்து நிக்காதலே. சோப்பு இந்தா, பம்புசெட்டு சன்னல்ல இருக்கு.”