டார்ச் பிடித்தவள்

“சத்தம் போயிடுச்சா?” முன்சீட்டில் இருந்த அப்பா கேட்டார்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மகள் வாயைத் திறந்தாள். ‘ஊங்...’ என்ற முனகல் கொஞ்சமும் குறையவில்லை. அது வலப்பக்க முன்சக்கரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதற்குள் பின்சீட்டில் இருந்த அம்மா அவர் காதோரம் குனிந்து முந்திக்கொண்டாள்.

“சுத்தமாப் போயிடுச்சுங்க! பஞ்சு மாதிரி ஓடுது!”

“அந்த வளைவுல கொஞ்சம் வேகமாத் திருப்பும்மா.”

மகள் திருப்பினாள். முனகல் ஊளையாகவே மாறியது.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதங்களைத் தரையில் ஊன்றி, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலத்தில் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற காது அவருடையது. இப்போது அழைப்பு மணிகூடக் கேட்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

காலையில், “இடது பக்கம்தான் சத்தம்” என்று அடித்துச் சொல்லி, இடது பேரிங்கை அவரே மாற்றினார். வழக்கம்போல அம்மா டார்ச் பிடித்தாள்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அப்பா சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். “கொஞ்சம் தூங்கறேன். யாரும் எழுப்பாதீங்க” என்று அறைக்குள் போய்விட்டார்.

மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படிம்மா வாய் கூசாம அப்படிச் சொன்ன? நாளைக்குப் புது வேலைக்கு இந்த வண்டியிலதான் அத்தனை தூரம் போறேன். சக்கரம் நடுவழியில கழண்டு ஓடினா?”

“கத்தாதடி.”

“கத்தினாலும் அவருக்குக் கேட்கவா போகுது? உனக்கு அவர் மனசு முக்கியமா, என் உயிர் முக்கியமா?”

“ரெண்டும்தான்.” அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “காது போயிடுச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் இனிமே ஸ்பேனரையே தொடமாட்டார். இந்தா, டார்ச்சைப் பிடி.”

“எதுக்கு?”

“இத்தனை வருஷமா நான் பிடிச்சேன். இன்னைக்கு நீ பிடி.”

மகள் டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

அம்மா ஜாக்கைப் பொருத்தி வண்டியைத் தூக்கினாள். சக்கரத்தைக் கழற்றினாள். நடு நட்டு அசைய மறுத்தது.

“சனியனே! மூதேவி!”

“அம்மா!”

“இப்படித் திட்டினாத்தான் உங்கப்பாவுக்கே இது வரும்” என்று இன்னொரு முறை திட்டி இழுத்தாள். வந்துவிட்டது!

பழைய பேரிங்கின் உருளைகளெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருந்தன. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். அம்மா உள்ளே போய், மீதியிருந்த புதுப் பேரிங்கையும், குளிர்ந்து பனி பூத்திருந்த அதன் வெளிவளையத்தையும் எடுத்து வந்தாள். வளையம் உள்ளே லேசாக இறங்கியது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி ஊட்டினாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல.

எல்லாம் முடிந்து தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். முனகல் இல்லை.

“ரொம்ப கெட்டிக்காரிடி நீ” என்றாள் அம்மா, கையைத் துடைத்தபடி. “வளையத்தைக் குளிர வச்சாச் சுருங்கி, சட்டுன்னு உள்ள போகும்னு உனக்கும் தெரிஞ்சிருக்கே. நான் போய்ப் பார்த்தா, ஃபிரீசர்ல ரெடியா இருக்கு!”

மகள் இன்று ஃபிரீசர் பக்கமே போகவில்லை.

“ம்...” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவின் அறைக்கு ஓடினாள்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டிலில் அவள் உட்கார்ந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“கடைசியில சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாளா உங்கம்மா?”

தலையாட்டிவிட்டு, அவர் காதோரம் குனிந்தாள். “உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“காது போனா என்ன, கால் இருக்கே. தரை அதிர்ந்துச்சு.”

“அப்போ நீங்களே மாத்தியிருக்கலாமே?”

“மாத்தியிருக்கலாம். ‘பஞ்சு மாதிரி ஓடுது’ன்னு எனக்காகச் சொன்னவ முகத்தை அப்புறம் நான் எப்படிப் பார்க்கறது?”

மகள் வாசற்பக்கம் திரும்பினாள். அம்மா வந்துகொண்டிருந்தாள்.

அப்பா அவசரமாகப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

“நான் நல்லாத் தூங்கறேன்னு சொல்லிடும்மா.”