எ மேன், தி மேன்

ஷெமி டீச்சர் படத்தைப் பலகையில் ஒட்டியதும் இரண்டாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சில் ஏறி நின்றுவிட்டது.

உயரமான ஃபிளாட். அதன் பாதி உயரத்தில், கயிற்றில் தொங்கியபடி ஒருவர் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கிறார். கழக்கூட்டம் ஹைவே ஓரத்தில் டீச்சரே மொபைலில் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்ட படம்.

முதலில், படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எ, ஆன், தி மூன்றில் சரியானதைப் போட வேண்டும்.

சுபின் 'ஆன் வால்' என்று எழுதினான். 'ஆன்' போட்டால் வாக்கியம் கொஞ்சம் கெத்தாக இருக்கும் என்பது அவன் எண்ணம்.

பொன்செல்வி 'தி மேன் இஸ் பெயிண்டிங்' என்று எழுதியிருந்தாள். தென்காசிப் பக்கமிருந்து ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தவள். மலையாளமே இன்னும் முழுதாக வரவில்லை.

டீச்சர் அவள் பக்கத்தில் குனிந்து, யாரென்று தெரியாத ஒருவரை முதன்முதலாகச் சொல்லும்போது 'எ மேன்' என்றுதான் எழுத வேண்டும் என்று விளக்கினார்.

பொன்செல்வி தலையாட்டினாள். ரப்பரைத் தொடவில்லை.

அடுத்தது எல்லோருக்கும் பிடித்த பகுதி. இனி என்ன நடக்கும்?

கயிறு அறுந்து அவர் கீழே விழுவார் என்றான் சுபின். காக்கா கொத்தி விழுவார் என்றான் அஜீஷ். பெயிண்ட் வாளி முதலில் விழும், அதைப் பிடிக்கப் போய் அவரும் விழுவார் என்றது கடைசி பெஞ்ச். ஒவ்வொரு விழுதலுக்கும் வகுப்பு குலுங்கிச் சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொன்செல்வியின் முறை வந்தது. அவள் படத்தைப் பார்த்தபடியே எழுந்து, தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாள்.

"விழ மாட்டாங்க டீச்சர். இடுப்புல வேற ஒரு கயறு உண்டு. நாலரைக்கு எறங்கி, கை கழுகிட்டு, வீட்டுக்கு வருவாங்க."

யார் வீட்டுக்கு என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எங்க வீட்டுக்கு."

பலகைப் பக்கம் திரும்ப ஷெமி டீச்சருக்குத் துணிவு வரவில்லை.

சுபின்தான் முதலில் கையைத் தூக்கினான். தன் கதையை மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டான்.